சகலையின் லிஃப்ட்

புனேயை ஒட்டிய கசார்வாடியில், பழைய மும்பை நெடுஞ்சாலைப் பக்கமாக உள்ள ஒரு சந்துக்குள், கார்களுக்குச் சிறு பாகங்கள் கடைந்து தரும் பட்டறை ஒன்று இருக்கிறது. அங்கே சூர்யநாராயணன் தரப் பரிசோதகர். எல்லோருக்கும் சூரி. ஏதாவது ஒரு இயந்திரத்தில் செட்டிங் மாற்றினால், அதில் முதலில் கடைந்து எடுக்கிற துண்டு அவர் மேஜைக்கு வந்தாக வேண்டும். அதை ‘ஃபர்ஸ்ட் பீஸ்’ என்பார்கள். அவர் அளந்து பார்த்துப் பச்சை மையால் ஒரு கோடு இழுத்தால் இயந்திரம் மேற்கொண்டு ஓடும். சிவப்புக் கோடு இழுத்துவிட்டால் முதலாளியின் மைத்துனரே வந்து நின்று கெஞ்சினாலும் ஓடாது. சில வருஷங்களுக்கு முன் அப்படி ஒருமுறை கெஞ்சியும் இருக்கிறார். சூரி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அதே துண்டை மறுபடி அளந்து, அதே சிவப்புக் கோட்டின் மேல் இன்னொரு சிவப்புக் கோடு இழுத்தார்.

வீட்டில் அவருக்கு வேறொரு வேலை உண்டு. பட்டறையில் யாரிடமும் அதைப் பற்றிச் சொன்னதில்லை. மகள் வைஷு பள்ளியில் படித்தபோது, ஏதோ ஒரு புராஜெக்டுக்காக வீட்டுக் கணினியில் கேம் எஞ்சின் ஒன்றை இறக்கினாள். நிரல் எழுதத் தெரியாதவர்களும் விளையாட்டுகள் செய்யலாம் என்று சொல்லும் மென்பொருள் அது. மதிப்பெண் வந்ததும் அவள் அதை மறந்துபோனாள். சூரி மறக்கவில்லை. அதன் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார். ஒரு பக்கம் படிப்பார், அதில் சொன்னதைச் செய்து பார்ப்பார், அது சரியாக வந்த பிறகுதான் அடுத்த பக்கம். வைஷு இப்போது கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். சூரி கையேட்டை முடித்து, மறுபடி முதலிலிருந்து ஒரு சுற்று வந்துவிட்டார்.

ஒரே ஒரு அத்தியாயத்தை மட்டும் இரண்டு சுற்றிலும் தாண்டிப் போனார். அது மொபைல் எக்ஸ்போர்ட். செய்த விளையாட்டைக் கணினியில் ஓடும்படி வெளியே எடுப்பது இலவசம். போனில் ஓடும்படி எடுக்க வேண்டுமானால் வருஷா வருஷம் சந்தா கட்ட வேண்டும். வாங்குவதென்று முடிவு செய்யாமல் துணிக்கடைக்குள் போய்ப் புடவையைப் பிரித்துக் காட்டச் சொல்வது சூரிக்கு ஆகாது. கடைக்காரன் மடித்து வைக்க வேண்டாமா என்பார். அந்த அத்தியாயத்தையும் அவர் அப்படித்தான் பிரிக்காமலே வைத்திருந்தார்.

அவர் செய்த விளையாட்டின் பெயர் ‘டேங்கர்’. மனைவி ஆனந்தவல்லியின் தங்கை விசாலாக்ஷி லோஹேகாவில் ஒரு குடியிருப்பில் இருக்கிறாள். ஒரு மே மாதம் அங்கே போயிருந்தபோது, வாசலில் தண்ணீர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. எந்தக் கட்டடத்துத் தொட்டி முதலில் காலியாகும் என்று வாட்ச்மேனுக்கும் டிரைவருக்கும் சண்டை. சூரி அதையே விளையாட்டாக்கினார். திரையில் ஒரு பேட்டை, குறுகலான சந்துகள், பத்துப் பன்னிரண்டு குடியிருப்புகள். தொட்டியின் மேல் மவுஸை வைத்தால் உள்ளே எவ்வளவு தண்ணீர் மிச்சம் என்று தெரியும். ஒரு சொடுக்கில் லாரியைத் தேர்ந்தெடுத்து, அடுத்த சொடுக்கில் எங்கே போக வேண்டும் என்று சொல்ல வேண்டும். வலது சொடுக்கினால் கிளம்பிய லாரி நிற்கும். இரண்டு லாரிகள் ஒரே சந்தில் எதிரெதிரே மாட்டிக்கொண்டால் போச்சு. நான்கு வருஷ உழைப்பு அது. லாரி வளைவில் திரும்பும்போது பின்சக்கரம் உள்ளே வாங்க வேண்டும் என்பதற்காக மட்டும் ஒரு மழைக்காலம் முழுக்க உட்கார்ந்திருக்கிறார்.

வீட்டுக்கு வருகிறவர்கள் ஆடிப் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறதே, இதைப் போனில் போடக் கூடாதா என்று கேட்பார்கள். “போனுக்குன்னா பைசா கட்டணும்” என்பார் சூரி. அதோடு பேச்சு முடிந்துவிடும். அப்படி முடிந்துவிடுவது அவருக்கும் வசதியாகத்தான் இருந்தது.

விசாலாக்ஷியின் கணவன் ஜம்புலிங்கம் கோயம்புத்தூர்க்காரன். ஐ.டி. கம்பெனி வேலையில் புனே வந்தவன். சகலை என்ற முறையில் மாதத்துக்கு ஒரு தடவையாவது வருவான், போவான். போன கணபதி விடுமுறையில் வந்தவன் டேங்கரைப் பார்த்துவிட்டு, “எனக்குங் கொஞ்சம் சொல்லிக் குடுங்க சகலை” என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். சூரி சந்தோஷமாகச் சொல்லிக்கொடுத்தார். முதல் பக்கத்திலிருந்துதான் ஆரம்பித்தார். ஜம்பு மூன்றாவது பக்கத்தில் கொட்டாவி விட்டான்.

அந்த ஜம்புதான் தீபாவளி முடிந்து சில வாரங்களில் ‘லிஃப்ட்’ என்று ஒரு விளையாட்டைப் போனில் ஏற்றிவிட்டான். சந்தாவை முதல் வாரத்திலேயே கட்டிவிட்டானாம். ஒரு கட்டடம், ஒரு லிஃப்ட், மாடிக்கு மாடி காத்திருக்கும் ஆட்கள். யாரையும் கடுப்பேற்றாமல் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அவ்வளவுதான். குடும்ப வாட்ஸாப் குழுவில் ஒரே பாராட்டு. திருச்சியிலிருக்கிற மாமனார், ஆயுளில் ஒரு விளையாட்டும் ஆடாதவர், ஒன்பதாவது மாடிக்குப் போய்விட்டதாகக் குரல் செய்தி அனுப்பினார்.

சூரி கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பினார். அதைத் தேடி எடுத்து அனுப்ப அவருக்குச் சற்று நேரம் பிடித்தது.

பிறகு யாருக்கும் தெரியாமல் லிஃப்டை இறக்கிக்கொண்டார். பட்டறையில் சாப்பாட்டு நேரத்தில், அளவுக் கருவிகள் வைக்கும் அறையின் மூலையில் உட்கார்ந்து ஆடுவார். ஆடுவது என்று சொல்ல முடியாது. பரிசோதித்தார். கடைசியில் ஒரு குறை அகப்பட்டது. லிஃப்ட் கதவு மூடும்போது இரண்டு பலகைகளுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருந்தது. சூரிக்கு அன்று சாதம் ருசித்தது. வீட்டுக்கு வந்தும் காரணம் சொல்லாமல் ஆனந்தவல்லியிடம் கலகலப்பாகப் பேசினார். இரண்டு நாள் அந்தச் சந்தோஷம் தாங்கியது. அதற்குள் லிஃப்டின் புதிய பதிப்பு வந்துவிட்டது. கதவு கச்சிதமாக மூடியது. யாரும் சொல்லாமல் அவனே கண்டுபிடித்துச் சரிசெய்திருக்கிறான் என்பதுதான் சூரிக்கு உறுத்தியது.

விளையாட்டை இறக்கிய ஆப் கடையில் மற்றவர்கள் எழுதிய கருத்துகளையும் விடவில்லை. சாத்தாராவிலிருந்து எவனோ ஒருவன் மராத்தியில் ‘ஏக்தம் மஸ்த்’, படு ஜோர், என்று எழுதியிருந்தான். அவனுக்கு என்ன தெரியும் என்று நினைத்தார். திட்டி யாராவது எழுதியிருக்கிறார்களா என்று கீழே கீழே தள்ளிக்கொண்டே போனார். விளம்பரம் அதிகம் என்று ஒருத்தி எழுதியிருந்தாள். அவள் மேல் அவருக்கு மரியாதை வந்தது.

குடியரசு தினத்தன்று எல்லோருக்கும் விடுமுறை. விசாலாக்ஷி லோஹேகாவுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். விமானப்படைத் தளம் பக்கத்தில் என்பதால் பேச்சு நடுவே நடுவே நின்று, விமானம் கடந்த பின் தொடரும்.

“அத்தான், லிஃப்ட் ஆடிப் பாத்தீங்களா?” என்று விசாலாக்ஷி ரசம் ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

“ஒரு தடவ பாத்தேன்.”

“எந்த மாடி வரைக்கும் போனீங்க?”

“ஞாபகம் இல்ல.”

வைஷு அப்பளத்தைக் கடித்தபடி, “ஜூட் போல்றார், பொய்” என்றாள். அவள் தமிழ் எப்போதும் அப்படித்தான், பாதி வழியில் இந்தி ஏறிக்கொள்ளும். “சித்தப்பா, உங்க ஸ்கோர் லிஸ்ட்ல டாப்ல ராகேஷ்னு ஒரு பேர் இருக்கில்ல? அது அப்பாதான். நான் பாத்தேன்.”

ஜம்பு சாப்பிடுவதை நிறுத்தினான். “அந்த ராகேஷு நீங்களாங்க சகலை? ரெண்டு மாசமா யார்றா இவன், நம்மளையே தூக்கிச் சாப்பிடறானேன்னு ஆபீஸ்ல தேடிட்டிருக்கேனுங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். சூரியும் சிரித்தார். காது மட்டும் சுட்டது.

“ஏனுங்க, உங்க டேங்கர எப்பப் போன்ல பாக்கறது?” என்றான் ஜம்பு.

“பைசா கட்டணுமே.”

“நீங்க எதுக்குக் கட்டறீங்க? எங்கிட்டத்தான் சந்தா இருக்குதுங்களே. ஃபைல அனுப்பியுடுங்க, நானே எக்ஸ்போர்ட் பண்ணிப்போடறேன். டீ ஆர்றதுக்குள்ள போன்ல இருக்கும்.”

“யார் பேர்ல வரும்?”

“ஆப் கடைல எம்பேரு வருமுங்க, அக்கவுண்டு என்னுதில்லீங்களா. உள்ளாற பெருசா உங்க பேரப் போட்டுக்கலாம்.”

அவன் நல்ல மனதோடுதான் சொன்னான். அதுவே சூரிக்குப் பொறுக்கவில்லை. கெட்ட மனதோடு சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருக்கலாம். தலைக்கு மேல் ஒரு விமானம் போயிற்று. அது போய் முடியும்வரை எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தார்கள்.

“வேணாம் ஜம்பு. நானே கட்டப்போறேன்” என்றார்.

“நெசமாங்களா?”

“வியாழக்கிழமை.”

கசார்வாடிப் பட்டறைகளுக்கு வியாழன்தான் வார விடுமுறை. அதனால் வாயில் அந்தக் கிழமை வந்துவிட்டது. யோசித்து வைத்திருந்த விஷயம் மாதிரி.

திரும்பும் வழியில், ஸ்கூட்டர் திகி பகுதியைத் தாண்டும் வரை ஆனந்தவல்லி காத்திருந்தாள். அவள் வங்கியில் கடன் பிரிவில் இருக்கிறவள். கேள்வியை எப்போது கேட்க வேண்டும் என்று தெரிந்தவள். சிக்னலில் வண்டி நின்றதும் காதருகே கேட்டாள்.

“கட்டறதுன்னா கட்டுங்க. நான் வேணாங்கல. நாலு வருஷமா ஏன் கட்டலேன்னு மட்டும் ஒரு தடவ யோசிங்க.”

“அப்ப தேவைப்படல.”

“இப்ப தேவைப்படறது டேங்கருக்கா, உங்களுக்கா?”

பின்னாலிருந்த ரிக்‌ஷாக்காரன் ஹாரன் அடித்தான். விளக்கு பச்சையாகியிருந்தது.

வியாழன் காலை காப்பி குடித்த கையோடு சூரி கணினி முன் உட்கார்ந்தார். சந்தாப் பக்கம் திறந்திருந்தது. வங்கி அட்டையை எடுத்து விசைப்பலகை மேல் வைத்தார். தொகை ஒன்றும் வீட்டைக் கவிழ்க்கிற தொகை இல்லை. வைஷுவுக்கு ஒரு நல்ல செருப்பும் ஆனந்தவல்லிக்கு ஒரு கைப்பையும் வாங்குவது போல. அதைக் கட்டிவிட்டால் அடுத்த வாரமே குழுவில் டேங்கர் வந்துவிடும். மாமனார் குரல் செய்தி அனுப்புவார். ஜம்பு அதை இறக்கி ஆடுவான், தோற்பான். பட்டியலில் அவன் பெயர் எங்கோ கீழே கிடக்கும். அந்தக் காட்சியைச் சூரி பலமுறை பார்த்துவிட்டார்.

படிப்பு விடுமுறையில் வீட்டிலிருந்த வைஷு பின்னால் வந்து நின்றாள். “அப்பா, போன்ல சலாகே, ஓட்டிப் பாத்தியா?”

“கட்டினாத்தானே போன்ல வரும்.”

“அரே, எக்ஸ்போர்ட்டுக்குத்தான் பைசா. சும்மா ட்ரை பண்றதுக்கு நஹி. சேம் வைஃபைல போன் ப்ரவுசர்ல லிங்க் போட்டா ஓடும். ஸ்கூல்லயே பண்ணினேனே நான்.” குனிந்து திரையில் ஓரிடத்தைக் காட்டினாள். “தோ, இங்கதான் லிக்கா ஹை.”

கட்டும் முன் உங்கள் போனில் இலவசமாகச் சோதித்துப் பாருங்கள் என்று அந்தப் பக்கத்திலேயே எழுதியிருந்தது. கையேட்டில் பார்த்தார். அவர் தாண்டிப் போன அத்தியாயத்தின் முதல் பத்தியே அதுதான்.

சூரி அட்டையை எடுத்து ஓரமாக வைத்தார். இத்தனை வருஷமாக ஊரார் செய்த துண்டையெல்லாம் அளந்து பார்க்காமல் ஒரு இயந்திரத்தையும் ஓடவிடாதவர், தன் துண்டை அளக்காமலே பணம் கட்ட உட்கார்ந்திருக்கிறார். மகள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. அவள் பாட்டுக்கு இணைப்பைப் போட்டுவிட்டு உள்ளே போனாள்.

டேங்கர் போனில் வந்தது. பேட்டை முழுவதும் உள்ளங்கைக்குள் சுருங்கி, சந்துகள் தலைமுடி போல ஓடின. முதல் சில நொடிகள் சூரிக்கு நெஞ்சு நிறைந்தது. என்னுடையது, போனில். பிறகு தொட்டார்.

தொட்டியில் எவ்வளவு தண்ணீர் என்று பார்க்க விரலை வைத்தார். லாரி கிளம்பிவிட்டது. மவுஸை ஒன்றின் மேல் சும்மா நிறுத்தி வைக்கலாம். விரலுக்கு அப்படிச் சும்மா நிற்பது கிடையாது, வைத்தால் தொட்டதுதான். வலது சொடுக்கு என்பதும் விரலுக்கு இல்லை, கிளம்பிய லாரியை நிறுத்த வழியில்லை. லாரியைப் பிடிக்கப் போனால் கட்டைவிரலுக்கடியில் மூன்று குடியிருப்புகள் மறைந்தன.

தன் விரல்தான் தடித்தது என்று நினைத்து, அன்று வங்கிக்கு லீவு போட்டிருந்த ஆனந்தவல்லியைக் கூப்பிட்டார். அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து வாங்கினாள்.

“தண்ணி எங்க இருக்குன்னு எப்படித் தெரியும்?”

“தொட்டி மேல வை.”

“வச்சா லாரி போகுதே.”

“லேசா வை.”

“லேசாத்தாங்க வச்சேன். தோ, இதுவும் போயிடுச்சு.” சற்று நேரம் முயன்றாள். “முட்டிக்கிட்டு நிக்குது பாருங்க ரெண்டும்.” போனைத் திருப்பிக் கொடுத்தாள். அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சிவப்புக் கோடு. வேறு யாருடைய துண்டாக இருந்தாலும் இழுத்துவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார்.

டேங்கரை மூடிவிட்டு லிஃப்டைத் திறந்தார். இத்தனை நாளும் குறை தேடித்தான் அதைப் பார்த்திருக்கிறார். இன்று முதல் தடவையாக, விரலை எங்கே வைக்கிறோம் என்று பார்த்தார். பொத்தான்கள் எல்லாம் திரையின் அடியில், போனைப் பிடித்த கையின் கட்டைவிரல் தானாகப் போய் விழுகிற வளைவில் இருந்தன. இடது கையில் மாற்றிப் பிடித்தார். அந்தப் பக்கத்துக்கும் பொத்தான்கள் நகர்ந்துகொண்டன. ஆட்கள் எல்லாம் மேலே, விரல் மறைக்காத இடத்தில். ஒருவனைத் தொட்டால் அவன் முகம் விரலுக்கு மேலே பெரிதாகத் தெரிந்தது. நெரிசலான பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர்களுக்கென்று அளந்து செய்தது. விசாலாக்ஷி அப்படித்தான் தினமும் ஆபீஸ் போகிறாள்.

மூன்றாவது பக்கத்தில் கொட்டாவி விட்டவன்.

இதுவரை சூரி பொறாமைப்பட்டது அவன் பணத்தின் மேல், அவன் துணிச்சலின் மேல், யோசிக்காமல் கட்டிவிடுகிற அந்தக் கையின் மேல். அதில் ஓர் ஆறுதல் இருந்தது. பணம் இருந்தால் நானும் செய்வேன் என்று சொல்லிக்கொள்ளலாம். இப்போது வந்தது வேறு. அவன் வேலையின் மேல் வந்தது. சந்தா கட்டி அதைத் தீர்க்க முடியாது. கதவில் மயிரிழை இடைவெளி மறுபடி வந்திருக்கக் கூடாதா என்று ஒருமுறை மூடித் திறந்து பார்த்தார். வரவில்லை.

மத்தியானம் ஜம்பு கூப்பிட்டான். வியாழக்கிழமை என்பதை மறக்காமல் வைத்திருக்கிறான்.

“என்னங்க சகலை, கட்டியாச்சுங்களா?”

கட்டிவிட்டேன் என்று சொல்லிவிடலாம். ஒரு மாதம் கழித்து ஏதாவது காரணம் சொல்லிக்கொள்ளலாம். இணையம் சரியில்லை என்று சொன்னாலும் நம்புவான். சூரி போனைக் காது மாற்றிப் பிடித்தார்.

“கட்டல. போன்ல போட்டுப் பாத்தேன். தேறல.”

“எதுனாலங்க?”

“விரல் வைக்க இடமில்ல. தண்ணி பாக்கறதுக்கு மவுஸ் மேல நிக்கணும். விரல் நிக்காது.”

“அட, அழுத்திப் பிடிச்சாத் தெரியறாப்பல வெச்சுட்டாச் சரியாப் போச்சுங்க.”

“பிடிச்சிருக்கற நேரம் பூரா விரல் தொட்டிய மறைச்சுக்குதே. நான் யோசிச்சிட்டேன். மொத்தமும் நிமிர்த்திப் போடணும். பேட்டையே வேற மாதிரி வரையணும்.”

“அப்ப இந்த வருசம் வராதுங்களா?”

“வராது.”

மறுமுனையில் ஜம்பு மூச்சு விட்டான். சின்ன மூச்சுதான். கண்ணாடி போட்டு அளந்தாலும் தெரியாத அளவு. ஆனால் பதினைந்து நிமிஷம் மாடிப்படி ஏறியவன் மேல்தளத்துக்கு வந்து நிற்கும்போது விடுகிற மூச்சு அது. அதன்பின் அவன் குரலே இலேசாகிவிட்டது.

“அதுக்கென்னங்க, மெதுவாப் பண்ணுங்க. என்ன அவசரம்? அப்படி மாத்தறதுன்னா எத்தன மாசமாகும்னு நெனக்கறீங்க?”

சூரி அவன் கேள்வியின் அடியில் இருந்ததை மெல்ல மென்றுகொண்டிருந்தார். பயந்திருக்கிறான். ராகேஷ் யாரென்று தெரிந்த நாளிலிருந்தோ, அதற்கும் முன்பிருந்தோ, டேங்கர் போனுக்கு வந்தால் என்ன ஆகும் என்று அவனும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறான். ஃபைலைத் தன்னிடம் அனுப்பச் சொன்னதுகூட இப்போது வேறு மாதிரி கேட்டது. அவனும் நம்மைப் போலத்தான். இது சூரிக்கு எவ்வளவு இனிப்பாக இருந்தது என்று அவர் யாரிடமும் சொல்ல மாட்டார். சந்தா கட்டி, எல்லோரும் பாராட்டி, மாமனார் குரல் செய்தி அனுப்பியிருந்தால்கூட இதில் பாதி கிடைத்திருக்காது.

“சகலை, லைன்ல இருக்கீங்களா?”

“இருக்கேன். மாசக் கணக்கு இப்ப சொல்ல முடியாது ஜம்பு. பாக்கலாம்.”

“பொறுமையாப் பண்ணுங்க” என்றான் ஜம்பு மறுபடி. அந்தப் பொறுமையில் கொஞ்சம் கெஞ்சல் இருந்தது.

ஆனந்தவல்லி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். “கட்டலயா?”

“இல்ல.”

“அப்புறம் என்ன முகம் இப்படி இருக்கு?”

“எப்படி இருக்கு?”

அவள் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். சூரி வங்கி அட்டையை உறையில் போட்டுப் பீரோவில் வைத்துவிட்டு வந்தார். சந்தாப் பக்கத்தை மூடினார். புதிதாக ஒரு வெற்றுத் திரையைத் திறந்து, அதை போன் வடிவத்தில் நிமிர்த்தி நிறுத்தினார். இடது கையில் போனைப் பிடித்து, கட்டைவிரல் எதுவரை எட்டுகிறது என்று மெதுவாக ஒரு வளைவு வரைந்தார். சரியில்லை என்று தோன்றியது. அழித்துவிட்டு வைஷுவைக் கூப்பிட்டார், அவள் விரலையும் அளந்து பார்க்க.